சுரங்க நிலத்தருகே ஆதிமனிதர் தங்கிய இடங்கள்: மதிப்பிடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020 மே 24 அன்று மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதியில், ரியோ டின்டோ நிறுவனம் இரும்புத்தாதுச் சுரங்கத்தை விரிவாக்குவதற்காக வைத்த வெடியில் ஜூகன் பள்ளத்தாக்கின் இரண்டு பாறைக் குகைகள் சிதைந்தன. அவற்றில் ஒன்றில் சுமார் 46,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் தங்கியிருந்திருக்கிறார்கள். வெடி வைக்க அரசு அனுமதி முறைப்படி வாங்கப்பட்டிருந்தது. தொல்லியல் ஆய்வும் நடந்திருந்தது. இடம் எவ்வளவு முக்கியமானது என்று அறிக்கையும் நிறுவனத்தின் கையில் இருந்தது. அப்படியிருந்தும் எப்படி நடந்தது? இதை ஒட்டி வழக்கமாக எழும் கேள்விகளும் பதில்களும் கீழே. ஜூகன் கதை பாதியில் விரிவாக வருகிறது. அதற்கு முன் அடிப்படை விஷயங்கள் சில.

"தங்கிய இடம்" என்றால் குகை மட்டும்தானா?

இல்லை. குகை நம் கண்ணில் எளிதாகப் படுகிறது, அவ்வளவுதான். வேட்டையாடி, கிழங்கு தோண்டி, விதை அரைத்து வாழ்ந்த மக்கள் பெரும்பாலும் வெட்டவெளியில்தான் தங்கினார்கள். ஓடைக்கரை, ஊற்றுப் பக்கம், மணல்மேடு, நல்ல கல் கிடைக்கும் குன்றின் அடிவாரம் என்று எங்கும் இருக்கலாம். இன்று அங்கே போனால் கல் சில்லுகள், அடித்துச் சில்லெடுத்த மூலக்கல், அரைத்துத் தேய்ந்த கல், சில சமயம் அடுப்பெரித்த கரித்தடம் இவைதான் தெரியும். சுவரும் இல்லை, கூரையும் இல்லை. பக்கத்தில் ஒரு டிப்பர் லாரி நின்றால் அதன் டயர் ஏறியே பாதி அழிந்துவிடும். குகைக்காவது பத்திரிகையில் படம் வரும். வெட்டவெளித் தங்கல் போனால் அதுகூட வராது.

தரையில் கிடக்கும் கல் தானாக உடைந்ததா, மனிதன் உடைத்ததா? எப்படித் தெரியும்?

ஒரு சில்லைக் கையில் எடுத்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள். மனிதன் அடித்துப் பெயர்த்த சில்லில் ஒரு முனையில் சின்னத் தட்டையான பகுதி இருக்கும். சுத்தியல் கல் விழுந்த இடம் அது. அதற்குச் சற்றுக் கீழே, உட்பக்கத்தில், விரலால் தடவினால் உணரும்படி லேசாகப் புடைத்திருக்கும். அடி விழுந்த விசை கல்லுக்குள் பரவியதன் தடம் அந்தப் புடைப்பு. அங்கிருந்து மெல்லிய வளைகோடுகள் மறுமுனை வரை விரிந்து போகும். வெளிப்பக்கத்தில், இதற்கு முன் பெயர்த்த சில்லுகளின் வடுக்கள் ஒரே திசையில் இருக்கும்.

வெயிலில் சூடேறி வெடித்த கல்லிலும் வெள்ளத்தில் உருண்டு மோதிய கல்லிலும் ஓரிரு அடையாளங்கள் தற்செயலாக வரலாம். எல்லாம் சேர்ந்து வருவது அபூர்வம். அப்படிப்பட்ட கற்கள் ஒரே இடத்தில் நூறு இருநூறு கிடந்தால் சந்தேகம் தீர்ந்தது. இன்னொரு வலுவான சான்றும் உண்டு. பெயர்ந்த சில்லுகளை மூலக்கல்லோடு சேர்த்துப் பொருத்திப் பார்ப்பார்கள். பொருந்தினால், ஒருவர் உட்கார்ந்து கல் கொத்திய இடம் பெரிதாகக் கலையாமல் அப்படியே இருக்கிறது என்று பொருள்.

சுரங்கம் தோண்டும் இடங்களிலேயே ஏன் இவை இவ்வளவு அகப்படுகின்றன?

இரண்டு காரணம். முதலாவது புவியியல். பில்பராவின் ஹாமர்ஸ்லி மலைத்தொடர் இரும்பு செறிந்த பட்டைப் பாறையால் ஆனது. ஓடைகள் அதை அரித்துப் பள்ளத்தாக்குகளை உண்டாக்கின. பாறையின் மென்மையான அடுக்குகள் உதிர்ந்து குடைவுகள் உருவாயின. நிழலும் தண்ணீரும் உள்ள குடைவு, வறண்ட நிலத்தில் மனிதன் தங்கத் தோதான இடம். ஆக மனிதனுக்குக் குகை தந்த பாறையும், நிறுவனத்துக்குத் தாது தரும் பாறையும் ஒன்றே.

இரண்டாவது காரணம் எளிது: தோண்டுகிற இடத்தில்தான் தேடுகிறோம். சுரங்க அனுமதிக்காக ஆய்வு செய்யாவிட்டால் அந்தக் குன்றுகளில் பலவற்றில் எந்தத் தொல்லியலாளரும் ஏறியிருக்க மாட்டார். நம் ஊர்க் கதையும் இப்படித்தான் தொடங்கியது. 1863 மே 30 அன்று புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கண்டெடுத்த கற்கருவி, சரளை அள்ளுவதற்காகத் தோண்டிய குழியில் கிடைத்தது. இந்தியப் பழங்கற்கால ஆய்வே ஒரு கிராவல் குழியில் பிறந்தது என்று தாராளமாகச் சொல்லலாம். தோண்டல் காட்டியும் கொடுக்கும், அழித்தும் விடும்.

ஓர் இடம் "முக்கியமானது" என்று எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

ஆஸ்திரேலியாவில் பலரும் பின்பற்றுவது, மரபிடங்களைப் பாதுகாப்பதற்கான வழிகாட்டி ஆவணமான பர்ரா சாசனம். தென் ஆஸ்திரேலியாவின் பர்ரா என்ற ஊரில், ஒரு காலத்தில் செம்புச் சுரங்கம் இருந்த ஊர் அது, 1979-இல் ஏற்கப்பட்டது. அழகியல், வரலாறு, அறிவியல், சமூகம், ஆன்மிகம் என்று ஐந்து வகை மதிப்புகளைப் பார்க்கச் சொல்கிறது.

இதில் தொல்லியலாளர் நேரடியாகக் கையாள்வது அறிவியல் மதிப்பு. அவர் மனதில் ஓடும் கேள்விகள் ஏறத்தாழ இவை: இந்த இடத்தைத் தோண்டினால் வேறு எங்கும் தெரியாத ஒன்று தெரிய வருமா? இதே மாதிரி இடங்கள் இந்த வட்டாரத்தில் எத்தனை பதிவாகியிருக்கின்றன? மண்ணடுக்கு கலையாமல் இருக்கிறதா? எலும்பு, கரி, மகரந்தம், தாவர நார் எதுவும் மிஞ்சியிருக்கிறதா, அல்லது கல் மட்டும்தானா? கடைசிக் கேள்விக்கு நான் அதிக எடை கொடுப்பேன். கல் எங்கும் மிஞ்சும். எலும்பும் நாரும் மிஞ்சிய பழைய தங்கல், வெப்ப நாடுகளில் கைவிட்டு எண்ணும்படிதான் இருக்கிறது.

அப்படியானால் எவ்வளவு பழமையோ அவ்வளவு முக்கியம், சரிதானே?

பத்திரிகைத் தலைப்புக்கு அது சரி. ஆய்வுக்கு இல்லை. எல்லா அடுக்கும் கலைந்துபோன 40,000 ஆண்டுப் பழைய இடத்தைவிட, ஒரே ஒரு நாள் யாரோ உட்கார்ந்து மீன் சுட்டுத் தின்ற 800 ஆண்டுப் பழைய இடம் அதிகம் சொல்லக்கூடும். காலம் ஓர் அளவுகோல்தான். தொடர்ச்சி இன்னோர் அளவுகோல். ஜூகனை ஆய்வாளர்கள் கொண்டாடியதற்கு 46,000 என்ற எண் மட்டும் காரணமில்லை. கடைசிப் பனியுகத்தின் கடுமையான காலத்தில், கடற்கரையிலிருந்து வெகுதொலைவில், வறண்ட உள்நாட்டில் மனிதர்கள் தாக்குப்பிடித்தார்களா என்பது அங்கே நெடுநாள் விவாதம். அதற்குப் பதில் சொல்லக்கூடிய இடங்கள் மிகக் குறைவு. அவற்றில் ஒன்று இது.

களத்தில் வேலை எப்படி நடக்கும்?

முதலில் நடை. ஆய்வாளர்களும் அந்த நிலத்துக்குரிய பூர்வகுடி மக்களும் வரிசையாக, பத்திருபது மீட்டர் இடைவெளி விட்டு, நிலத்தைப் பார்த்துக்கொண்டே நடப்பார்கள். ஏதாவது தென்பட்டால் கொடி நட்டு, ஜிபிஎஸ்ஸில் குறித்து, படம் எடுத்து, அளந்து பதிவு செய்வார்கள். அலுப்பான வேலை. நாற்பது டிகிரி வெயிலில் புல் மூடிய தரையில் எதைக் கவனிக்காமல் விட்டோம் என்பது யாருக்கும் தெரியாது. அதனால் நல்ல அறிக்கையில் "தரை எவ்வளவு கண்ணுக்குத் தெரிந்தது" என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். அறிக்கை கைக்கு வந்தால் முதலில் அந்த வரியைத் தேடுங்கள்.

அடுத்தது சோதனைக் குழி. வழக்கமாக ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர், சில சமயம் அதிலும் பாதி. கடப்பாரை போட மாட்டார்கள். கரணையால் ஐந்து சென்டிமீட்டர் ஆழம் ஒரு படி என்று மண்ணைச் சுரண்டி வாளியில் எடுத்து, எடை போட்டு, சல்லடையில் கொட்டுவார்கள். ஐந்து மில்லிமீட்டர் கண், அதற்குக் கீழே மூன்று மில்லிமீட்டர் கண். புழுதி பறந்து அடங்கியதும் சல்லடையில் மிஞ்சியதை இரண்டு பேர் விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பார்கள்: வேர், கூழாங்கல், வௌவால் எலும்பு, அப்புறம் நகத்தளவு ஒரு சில்லு. அது தனிப் பையில் போகும். எந்தக் குழி, எந்தப் படி என்று எழுதிய சீட்டைப் பையின் மேல் ஒட்டுவார்கள். அந்தச் சீட்டு தொலைந்தால் சில்லும் தொலைந்த மாதிரிதான்.

பிறகு காலக்கணிப்பு. கரி இருந்தால் கார்பன்-14. அது ஏறத்தாழ 50,000 ஆண்டு வரைதான் கைகொடுக்கும். அதற்கு அப்பால், அல்லது கரியே இல்லாவிட்டால், மணல் துகள் கடைசியாக எப்போது வெயில் பார்த்தது என்று கணிக்கும் ஒளிவழி முறை. இதற்கு மாதிரி எடுக்கும்போது குழாயை மண்சுவரில் அடித்து இறக்கி, வெளிச்சம் படாமல் இரு முனையையும் மூடி எடுத்துப்போக வேண்டும். ஆய்வுக்கூடத்தில் வரிசையில் காத்திருந்து முடிவு வர மாதக்கணக்கில் ஆகும். சுரங்கத் திட்டத்தின் அட்டவணை அவ்வளவு நாள் பொறுக்காது. சண்டை பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

ஜூகனில் என்னதான் நடந்தது?

வரிசையாகப் பார்த்தால் புரியும்.

இடம், பூட்டு குந்தி குர்ரமா, பினிகுரா மக்களின் மரபு நிலம், சுருக்கமாகப் பி.கே.கே.பி. மக்கள் என்பார்கள். ரியோ டின்டோவின் பிராக்மேன் 4 சுரங்கம் பக்கத்தில். 2008-இல் அங்கே தொல்லியலாளர்கள் சிறிய சோதனைக் குழி போட்டார்கள். பழமையான இடம் என்பது அப்போதே தெரிந்தது. எவ்வளவு ஆழமான விஷயம் என்பது தெரியவில்லை.

சுரங்கத்தை விரிவாக்க நிறுவனத்திடம் நான்கு வரைபடங்கள் இருந்தன. மூன்றில் குகைகள் தப்பும். நான்காவதில் தப்பாது, ஆனால் கூடுதலாக சுமார் 80 லட்சம் டன் உயர்தரத் தாது கிடைக்கும். அதன் மதிப்பு சுமார் 13.5 கோடி ஆஸ்திரேலிய டாலர் என்று பின்னர் நாடாளுமன்ற விசாரணையில் நிறுவனமே சொன்னது. நான்காவதைத் தேர்ந்தெடுத்தார்கள். வேறு மூன்று வழி இருந்த விஷயம் பி.கே.கே.பி. மக்களுக்குச் சொல்லப்படவில்லை. 2013 டிசம்பரில் மாநில அமைச்சரின் அனுமதி வந்தது.

அனுமதி வந்த பிறகு, 2014-இல், அழியப்போகும் இடத்திலிருந்து கிடைப்பதை எடுத்து வைப்போம் என்று மீட்பு அகழாய்வு நடந்தது. தலைமை தாங்கியவர் மைக்கேல் ஸ்லாக். அப்போதுதான் குகை தன்னைக் காட்டியது. 7,000-க்கு மேற்பட்ட பொருட்கள். 46,000 ஆண்டு வரை போகும் காலக்கணக்கு. கங்காருவின் கால் எலும்பைக் கூர்தீட்டிச் செய்த 28,000 ஆண்டுப் பழைய கருவி. அரைக்கும் கற்கள். அப்புறம் ஒரு முடிப்பின்னல்: பல மனிதர்களின் தலைமுடியைச் சேர்த்துப் பின்னிய, இடைக்கச்சையின் பகுதியாக இருந்திருக்கலாம் என்று கருதப்படும் சிறு துண்டு. வயது சுமார் 4,000 ஆண்டு. அதிலிருந்து எடுத்த டிஎன்ஏ, இன்று அந்த நிலத்துக்கு உரிமை கொண்டாடும் அதே மக்களோடு பொருந்தியது. "இது எங்கள் பாட்டன் வீடு" என்று ஒரு சமூகம் சொல்வதற்கு ஆய்வுக்கூடச் சான்று கிடைப்பது உலகில் எத்தனை இடத்தில் நடக்கும்?

ஆஸ்திரேலியாவிலேயே மிக உயர்ந்த தொல்லியல் முக்கியத்துவம் கொண்ட இடங்களில் ஒன்று என்று 2018-இல் அறிக்கை நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தது. அனுமதியை யாரும் மறுபடி எடுத்துப் பார்க்கவில்லை.

2020 மே மாத நடுவில், ஜூலையில் வரும் பூர்வகுடி விழா வாரத்துக்குக் குகையைப் பார்க்கப் போகலாமா என்று பி.கே.கே.பி. மக்கள் கேட்டார்கள். அப்போதுதான் வெடி வைக்கும் ஏற்பாடு அவர்களுக்குத் தெரிந்தது. துளைகளில் மருந்து திணித்தாகிவிட்டது, பாதுகாப்பாக வெளியே எடுக்க முடியாது என்பது நிறுவனத்தின் பதில். மொத்தம் 382 துளைகள். சில நாட்களில் வெடித்தார்கள்.

இதில் சட்ட மீறல் இல்லையா?

இல்லை. மேற்கு ஆஸ்திரேலியாவின் 1972 பூர்வகுடி மரபுச் சட்டத்தில் 17-ஆம் பிரிவு இத்தகைய இடங்களைச் சிதைப்பது குற்றம் என்றது. அடுத்த பிரிவான 18, அமைச்சர் அனுமதித்தால் சிதைக்கலாம் என்றது. சுரங்க நிறுவனங்கள் கேட்ட அனுமதிகளில் மிகப் பெரும்பாலானவை கிடைத்தன. நில உரிமையாளர் அமைச்சரின் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய முடிந்தது. இங்கே நில உரிமையாளர் என்றால் சுரங்கக் குத்தகைதாரரும் அடக்கம். பூர்வகுடி மக்களுக்கு அப்போது அந்த வழி இருக்கவில்லை. அனுமதி கொடுத்த பிறகு புதிய தகவல் வந்தால் அதை மறுபரிசீலனை செய்யவும் சட்டத்தில் ஏற்பாடு இருக்கவில்லை.

ஜூகன் விஷயத்தில் பலரும் நிறுவனத்தின் பேராசையைத் திட்டினார்கள். திட்ட வேண்டியதுதான். ஆனால் எனக்கு உறுத்துவது இந்த வரிசை: அனுமதி 2013, அகழாய்வு 2014, அறிக்கை 2018. ஓர் இடத்தைப் பற்றி மிகக் குறைவாகத் தெரிந்த நாளில் அதன் தலையெழுத்தை முடிவு செய்துவிட்டு, அப்புறம் தோண்டிப் பார்த்தார்கள். நேர்மையான நிறுவனம், நேர்மையான அமைச்சர் இருந்திருந்தாலும் இந்த வரிசையில் தப்பு நடக்க வழி இருந்தது.

சோதனைக் குழியில் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் இடம் காலி என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. இதற்கு நல்ல உதாரணம் திருவள்ளூர் மாவட்டத்தில், கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் இருக்கும் அத்திரம்பாக்கம். 1863-லேயே ஃபூட்டும் அவருடைய சக ஊழியர் வில்லியம் கிங்கும் கண்டறிந்த இடம். பின்னால் பலர் ஆய்வு செய்தார்கள். கருவிகள் மேலே உள்ள சரளை அடுக்கோடு தொடர்புடையவை, அதன் கீழுள்ள களிமண் டைனோசர் காலத்துப் படிவு, அதில் மனிதச் சுவடு இருக்க வாய்ப்பில்லை என்ற கருத்தே நீண்ட நாள் நிலவியது.

1999-இல் சாந்தி பப்பு குழுவினர் அகழாய்வு தொடங்கி, அந்தக் களிமண்ணுக்குள்ளேயே இறங்கினார்கள். கைக்கோடரிகள் அதற்குள் இருந்தன. 2011-இல் வெளியான காலக்கணிப்பின்படி அவற்றின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு. மேலடுக்குகளில் கிடைத்த அடுத்த கட்டத் தொழில்நுட்பம் சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது என்று 2018-இல் வெளியிட்டார்கள். இந்திய வரலாற்றுப் பாடத்தின் முதல் பக்கத்தையே மாற்றிய இடம், ஒரு நூற்றாண்டுக்கும் மேல் எல்லார் காலடியிலும் கிடந்தது.

சுரங்க ஆய்வில் "இதற்குக் கீழே வெறும் மண்" என்று எழுதும்போது, அது தோண்டிப் பார்த்து எழுதியதா, புவியியல் வரைபடத்தைப் பார்த்து எழுதியதா என்று கேட்க வேண்டும். அதோடு சோதனைக் குழி, முழுத் தரையில் எத்தனை சதவீதம் என்றும் கேட்க வேண்டும். பெரிய குகைத் தரையில் ஒரு சதுர மீட்டர் தோண்டி "முக்கியத்துவம் நடுத்தரம்" என்று எழுதுவதை மதிப்பீடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பொருட்களை எல்லாம் எடுத்து அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டால் போதாதா?

வேறு வழியே இல்லாதபோது அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் பொருளை எடுக்கலாம், இடத்தை எடுக்க முடியாது. ஒரு சில்லு எந்த அடுக்கில், எதன் பக்கத்தில், எந்தச் சாம்பலுக்கு மேலே கிடந்தது என்பதில்தான் செய்தி இருக்கிறது. இருபது ஆண்டு கழித்து இன்று இல்லாத கருவிகள் வரும். மண்ணிலிருந்தே பழைய டிஎன்ஏ எடுக்கும் முறை சில பத்தாண்டுக்கு முன் கற்பனை. அதற்காகவே நல்ல அகழாய்வாளர் எந்த இடத்தையும் முழுதாகத் தோண்டாமல் ஒரு பகுதியை விட்டுவைப்பார். மீட்பு அகழாய்வில் விட்டுவைக்க ஒன்றும் இருக்காது.

ஆய்வறிக்கைக்குப் பணம் தருவது சுரங்க நிறுவனம். அதை நம்பலாமா?

நியாயமான சந்தேகம். ஆனால் ஜூகனில் நிறுவனப் பணத்தில் நடந்த ஆய்வுதான் அந்த இடத்தின் பெருமையை ஒளிக்காமல் எழுதியது. அதனால் எல்லா ஆலோசகரையும் கூலிக்கு மாரடிப்பவர் என்று தள்ள முடியாது. சிக்கல் வேறு இடத்தில். என்ன கேள்வி கேட்பது, எத்தனை நாள் களப்பணி, அறிக்கை யாருக்குப் போகும், யார் வெளியிடலாம் என்பதை எல்லாம் பணம் தருபவர் தீர்மானிக்கிறார். உண்மையை எழுதிய அறிக்கை அலமாரியில் கிடந்தால் யாருக்கு லாபம்? பில்பராவில் பல ஒப்பந்தங்களில் பூர்வகுடி அமைப்புகளே வெளியில் பேசக்கூடாது என்ற வாய்ப்பூட்டு விதிகள் இருந்தன என்பதும் விசாரணையில் வெளிவந்தது.

பூர்வகுடி மக்கள் "முக்கியம்" என்கிறார்கள், தொல்லியலாளர் "சாதாரணம்" என்கிறார். யார் சொல்வது எடுபடும்?

நடைமுறையில் நெடுங்காலம் தொல்லியலாளர் சொன்னதுதான். இரண்டும் வேறு வேறு மதிப்புகள் என்பதே சரியான நிலை. ஒன்றால் மற்றொன்றை வெட்ட முடியாது. ஜூகன் என்பதே ஒரு மூதாதையின் பெயர். அந்தப் பள்ளத்தாக்கில் பாம்புத் தலை வடிவில் ஒரு நீர்க்குட்டை உண்டு. அது அவர்களுக்குப் புனிதம். இதில் எதுவும் சல்லடையில் தங்காது. குலதெய்வக் கோயிலில் நடப்பட்டிருப்பது வெறும் கல்தானே, நூறு ஆண்டுகூட ஆகவில்லையே என்று ஒருவர் சொன்னால் நம் ஊரில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆஸ்திரேலியாவில் தொல்லியல் ஆய்வு ஒரு குழு, மக்களின் நம்பிக்கைகளையும் வழக்கங்களையும் கேட்டுப் பதியும் இனவரைவியல் ஆய்வு வேறு குழு என்று பிரித்தே செய்வது வழக்கம். இரண்டு அறிக்கையும் ஒரே மேசைக்கு ஒரே நேரத்தில் வருவதில்லை. சேர்த்துப் படிப்பவர் அதைவிடக் குறைவு.

குகையைத் தொடாமல் கொஞ்சம் தள்ளித் தோண்டினால் பிரச்சினை இல்லைதானே?

எவ்வளவு தள்ளி என்பதைப் பொறுத்தது. வெடியின் அதிர்வு பாறை வழியாகப் போகும். ஏற்கெனவே விரிசல் விட்ட குகைக் கூரைக்கு அது போதும். 2023-இல் ரியோ டின்டோவின் நம்முல்டி சுரங்கத்தில் சுமார் 150 மீட்டர் தள்ளி வைத்த வெடிக்குப் பிறகு, ஒரு குகையின் முகப்பிலிருந்து ஒரு பாறைத் துண்டும் ஒரு மரமும் கீழே விழுந்தன, நிறுவனமே அறிவித்தது. புழுதி இன்னொரு தொல்லை, பாறை ஓவியம் இருந்தால் குறிப்பாக. ஓடையைத் திருப்பிவிட்டால் வெட்டவெளித் தங்கல் அடுத்த மழையில் அடித்துப் போகலாம். ஆகவே பாதுகாப்பு எல்லையை வரைபடத்தில் காம்பஸ் வைத்து வட்டமாக வரைவதால் பயனில்லை. பாறை எப்படி, சரிவு எந்தப் பக்கம், தண்ணீர் எந்த வழி என்று பார்த்து வரைய வேண்டும்.

ஜூகனுக்குப் பிறகு ஏதாவது மாறியதா?

மாறியது, திரும்பியது, கொஞ்சம் மிஞ்சியது. முதலில் நிறுவனம் தன் உள்விசாரணை முடிவில் உயரதிகாரிகளின் ஊக்கத்தொகையை மட்டும் வெட்டியது. முதலீட்டாளர்களே கொதித்த பிறகு, 2020 செப்டம்பரில் தலைமை நிர்வாகி ழான் செபாஸ்டியன் ஜாக்கும் இன்னும் இரண்டு உயரதிகாரிகளும் விலகுவதாக அறிவிப்பு வந்தது. நாடாளுமன்றக் குழு 2020 டிசம்பரில் இடைக்கால அறிக்கையும் 2021 அக்டோபரில் இறுதி அறிக்கையும் தந்தது.

மேற்கு ஆஸ்திரேலியா 2021-இல் புதுச் சட்டம் இயற்றி, 2023 ஜூலை 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. விவசாயிகளும் நில உரிமையாளர்களும் கொந்தளித்தார்கள். வேலி போடக்கூட அனுமதி வாங்க வேண்டுமா என்று கேட்டார்கள். ஐந்தே வாரத்தில் அரசு பின்வாங்கி, புதுச் சட்டத்தை நீக்கப்போவதாக அறிவித்தது. 1972 சட்டம் சில திருத்தங்களோடு திரும்பி வந்தது. இப்போது பூர்வகுடி தரப்பும் அமைச்சரின் முடிவை எதிர்த்து முறையிடலாம். புதிய தகவல் கிடைத்தால் அனுமதி வைத்திருப்பவர் அமைச்சருக்குத் தெரிவித்தாக வேண்டும். இரண்டாவது திருத்தம் சின்ன வரிதான். 2014-இல் அது இருந்திருந்தால் அந்தக் குகை இன்று நின்றிருக்க வாய்ப்பு உண்டு.

சிதைந்த குகையில் பி.கே.கே.பி. மக்களின் மேற்பார்வையில் மறுபடி அகழாய்வும் நடந்தது. கற்குவியலை அகற்றி, அடியில் மிஞ்சியதைத் தேடும் வேலை.

இந்தியாவில் கல்குவாரிக்கோ சுரங்கத்துக்கோ இப்படி மதிப்பீடு கட்டாயமா?

பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று அறிவிக்கப்பட்ட இடமாக இருந்தால், தொல்சின்னங்களைப் பாதுகாக்கும் 1958 மத்தியச் சட்டமும் அதன் 2010 திருத்தமும் பொருந்தும். சுற்றிலும் 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. ஆனால் பழங்கற்காலத் தங்கல்களில் பெரும்பாலானவை எந்தப் பட்டியலிலும் இல்லை. பட்டா நிலத்தில், ஏரிக்கரையில், செம்மண் மேட்டில் கிடக்கின்றன. சாலை போடக் கிராவல் அள்ளும்போது கைக்கோடரியும் சேர்ந்து லாரியில் ஏறும். ஜேசிபி ஓட்டுபவருக்கு அது இன்னொரு கல்.

பட்டியலில் இல்லாத இடத்துக்கு முன்கூட்டியே தொல்லியலாளர் நடந்து பார்த்துச் சான்று தர வேண்டும் என்ற பழக்கம் நம்மிடம் வேரூன்றவில்லை. சுற்றுச்சூழல் தாக்க அறிக்கைகளில் தொல்லியலுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு பத்தி: "அருகில் நினைவுச்சின்னம் எதுவும் இல்லை." நினைவுச்சின்னம் இல்லைதான். கோயிலோ கல்வெட்டோ இருந்தால் ஊரே திரண்டு வரும். சில்லுக் கல்லுக்கு யார் வருவார்கள்?

நான் நடக்கும்போது கைக்கோடரி மாதிரி ஒன்று கண்ணில் பட்டால்?

எடுத்து வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். முதலில் கிடந்த நிலையிலேயே படம் எடுங்கள். பக்கத்தில் அளவுக்கு ஒரு பேனாவோ நாணயமோ வையுங்கள். கைபேசியில் இருப்பிடத்தைச் சேமியுங்கள். சுற்றி ஐம்பதடி நடந்து வேறு கற்கள் இருக்கின்றனவா, மண்ணைச் சமீபத்தில் யாராவது வெட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். வெட்டுப்பட்ட குழியின் பக்கச்சுவரில் கருவி குத்தி நின்றால் அது பெரிய விஷயம். எந்த அடுக்கிலிருந்து வந்தது என்பது அங்கேயே தெரிந்துவிடும். அதைப் பிடுங்கினால் அந்தத் தகவல் போயிற்று. சுவர் முழுதும் தெரியும்படி தள்ளி நின்று ஒரு படம், கிட்டப் போய் ஒரு படம்.

பிறகு மாநிலத் தொல்லியல் துறையின் மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கோ, பக்கத்துப் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் துறைக்கோ படங்களோடு எழுத்தில் தெரிவியுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் தேதி இருக்காது. குவாரிக்கான பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் அறிவிக்கப்பட்டிருந்தால் அதே கடிதத்தின் நகலை அங்கேயும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். இடத்தின் சரியான குறிப்பை முகநூலில் போட வேண்டாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பை எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.